சரியாப் பேசுவார்

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்பக்கம், கார் நிறுத்துமிடம் வீதியோடு சேரும் இடத்தில் காரை நிறுத்தச் சொல்கிற ஒரு 'ஸ்ரொப்' பலகை நின்றது. பனி அள்ளுகிற வண்டி இடித்து அதன் கழுத்து வளைந்திருந்தது. எழுத்து நிலத்தைப் பார்த்தபடி இருக்கும். ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் நாங்கள் குடியிருந்த காலம் முழுவதும் அந்தப் பலகைக்கு மரியாதை கொடுத்துக் காரை முழுதாக நிறுத்தியவர் என்று நான் கண்டது அவர் ஒருவரைத்தான். இடப்பக்கம் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார், மறுபடியும் இடப்பக்கம் பார்ப்பார். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தால் கையை உயர்த்தி, மன்னிக்கச் சொல்வதுபோல ஆட்டுவார். அதன்பிறகும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவார்.

எட்டாம் மாடியில் எங்கள் கதவுக்கு அடுத்த கதவு அவருடையது. வங்கிகளுக்கும் பெரிய கடைகளுக்கும் காசு கொண்டுபோகிற இரும்பு வான் வண்டியில் காவல் வேலை. எங்கள் சனங்களில் பெரும்பாலானோர் கோப்பை கழுவிக்கொண்டும் தொழிற்சாலைகளில் நின்றுகொண்டும் இருந்த காலம் அது. அவர் இடுப்பில் பிஸ்டல் கட்டி வேலை செய்தார். வேலை முடிந்ததும் அதை அங்கேயே ஒப்படைத்துவிட்டுத்தான் வருவார். இருந்தாலும் அது இடுப்பில் இருப்பதுபோலத்தான் அவருடைய வலது கை எப்போதும் உடம்பில் படாமல் சற்று விலகி நிற்கும். சாரம் கட்டிக்கொண்டு குப்பைப் பை கொண்டுபோகும்போதும் அப்படித்தான். என் கணவர் அதை எனக்கு நடித்துக் காட்டுவார்.

அவருக்குச் சொந்தமாகவும் ஒரு பிஸ்டல் இருந்தது. ஒஷாவாப் பக்கம் ஒரு கிளப்பில் குறிபார்த்துச் சுடப் பழகுவதற்காக வாங்கியது. அது பூட்டிய பெட்டிக்குள், பெட்டி படுக்கையறை அலுமாரிக்குள். அதற்குத் தனி அனுமதி, வேலைக்குத் தனி அனுமதி. சனங்கள் அவருக்குப் 'பெர்மிற்' என்று பெயர் வைத்தார்கள். "பெர்மிற் வாறார்" என்று அவருக்குக் கேட்கும்படியே சொல்வார்கள். அவர் சிரிப்பார். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

"பெர்மிற் உள்ளவன் குற்றம் செய்யான்." இது அவருடைய வாக்கியம். லிஃப்ற்றிலும் சொல்வார், சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலாலும் சொல்வார். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் முந்நூற்றுநாலு விளையாட வந்தால் சீட்டைக் கலைத்தபடியே ஆரம்பிப்பார்.

"அண்ணை, அமெரிக்காவில கன இடங்களில சாதாரண சனத்துக்கே பெர்மிற் குடுக்கிறாங்கள். கோட்டுக்குள்ள துவக்கை மறைச்சு வைச்சுக்கொண்டு கடைத்தெருவில நடக்கலாம். நீங்கள் என்ன நினைப்பியள்? ஒரே வெடியும் சூடுமா இருக்கும் எண்டுதானே? இல்லை. பெர்மிற் வைச்சிருக்கிறவங்கள்தான் மற்றவங்களைவிடக் குற்றம் குறைவாச் செய்யிறாங்களாம். கிளப்பில கதைச்சவங்கள்."

என் கணவர் ஊரில் கணக்கு வாத்தியார். இங்கே பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் நின்றார். வாதம் செய்ய ஒருவர் கிடைத்தால் அவருக்குச் சந்தோசம்.

"தம்பி, குடிகாரனைக் கழிச்சாச்சு. சண்டைக்காரனைக் கழிச்சாச்சு. மறியலில கம்பி எண்ணினவனைக் கழிச்சாச்சு. மிச்சம் இருக்கிறவைக்குத்தானே பெர்மிற் குடுக்கிறாங்கள்? பிறகு அவை நல்ல பிள்ளையள் எண்டால் அது பெர்மிற்றின்ர கெட்டித்தனமோ, கழிச்சவன்ர கெட்டித்தனமோ?"

"ரெண்டும்தான் அண்ணை. கழிச்சு எடுக்கிறது ஒண்டு. எடுத்தாப் பிறகு அதைக் காப்பாத்திறது இன்னொண்டு. எனக்கு ஒரு பார்க்கிங் ரிக்கற் வந்தாலும் அண்டைக்கு நித்திரை வராது. உங்களுக்கு வருமோ இல்லையோ?"

"எனக்கு ரிக்கற் வந்தால் அதை இவளிட்டைக் குடுத்திட்டுப் படுத்திடுவன். இவளுக்குத்தான் நித்திரை வராது."

எல்லோரும் சிரித்தோம். அவருடைய மனைவி தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். ஆனால் முதலில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள். அதை நான் கவனித்தேன். அப்போது அதற்கு ஒரு அர்த்தமும் வைக்கவில்லை.

அந்த வாக்கியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் சொன்னார். ஊரில் அவர் கண்ட துவக்குகள் எல்லாம் அனுமதி கேட்காத துவக்குகள். சந்திக்குச் சந்தி யாரோ ஒருவன் துவக்கோடு நின்றான். எந்தப் பக்கத்தவனாக இருந்தாலும் அவனுக்குக் கணக்குக் கேட்க ஆள் இல்லை. "என்ர சீவியத்தில முதல்தரம், கையில துவக்கைத் தந்திட்டு, இதுக்கு நீ பொறுப்பு, கையெழுத்து வை எண்டு கேட்டவங்கள் இவங்கள்தான் அக்கா" என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை.

நல்ல மனிதர் என்று நாங்கள் நினைத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. என் கணவருக்குச் சிறுநீரகக் கல் வந்து தரையில் உருண்டபோது அவர்தான் ஆஸ்பத்திரிக்குக் காரோட்டினார். பின் சீற்றில் இவர் அம்மா அப்பா எல்லோரையும் கூப்பிட்டுக் குழறுகிறார். அவரோ மஞ்சள் லைற்றுக்கும் நின்றார். "தம்பி, நான் சாகப்போறன், போ!" என்று இவர் கத்த, "அண்ணை, கல்லால ஒருத்தரும் சாகிறேல்லை. சிவப்பில போனால்தான் சாவினம்" என்று பதில் வந்தது. கல் போனபிறகு அந்தக் கதையை நாங்கள் எத்தனை பிறந்தநாள் விழாக்களில் சொல்லிச் சிரித்திருப்போம்.

இன்னொருமுறை கார் நிறுத்துமிடத்தில் ஒரு இளைஞன் தன் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது அவருடைய காரின் கதவை நசுக்கிவிட்டான். பிழை அவனுடையது. ஆனால் இறங்கிவந்து, கெட்ட வார்த்தைகளால் திட்டி, அவருடைய நெஞ்சில் கை வைத்துத் தள்ளியவனும் அவன்தான். நான் கடைப் பைகளோடு நின்று பார்த்தேன். அவர் ஓரடி பின்னுக்குப் போனார். சிரித்தார். பேனாவை எடுத்து அவனுடைய காரின் இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். மேலே வரும்போது லிஃப்ற்றுக்குள் சொன்னேன், "தம்பி, நீர் என்ன வேலை செய்யிறனீர் எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருந்தால் தொட்டிருக்க மாட்டான்."

"அவனுக்குத் தெரியாது அக்கா. எனக்குத் தெரியும். அதுதான் பெர்மிற்."

அவருடைய உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. பொறுமைக்கு இவ்வளவு பலம் தேவை என்று அன்றைக்குத்தான் கண்டேன். அந்தக் கோபம் லிஃப்ற்றை விட்டு இறங்கி எங்கே போகும் என்று கேட்கத் தோன்றவில்லை.

அது சுவருக்கு அந்தப்பக்கம் போனது. எங்கள் இருப்பறைக்கும் அவர்களுடைய இருப்பறைக்கும் நடுவில் ஒரே சுவர். உரத்த குரல் எதுவும் கேட்காது. சத்தம் போட்டால் யாராவது பொலிஸைக் கூப்பிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். வானொலிச் செய்தி வாசிப்பதுபோல ஒரே அளவான, தாழ்ந்த குரல். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கும். நாங்கள் படுக்கும்வரை நடக்கும். சொற்கள் எனக்கு முழுதாகக் கேட்டதில்லை. கேட்டதை மட்டும் சொல்கிறேன்: "மாடு." "உன்ர கொப்பர் இதைத்தான் பழக்கினவரோ." "நீ ஆர் எண்டு நினைக்கிறாய்." "திருப்பிச் சொல்லு." கடைசி வாக்கியத்துக்குப் பிறகு ஒரு சிறிய இடைவெளி விழும். அந்த இடைவெளியில் அவள் எதையோ திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். அவளுடைய குரல் சுவரைத் தாண்டியதில்லை.

காலையில் கொரிடோரில் காண்பேன். "நேற்றுச் சரியான பேச்சு அக்கா" என்பாள், நேற்றுச் சரியான குளிர் என்பதுபோல.

"என்னத்துக்குப் பேச்சு?"

"சோத்துப் பானை மூடியை மேசையில வைச்சிட்டன்."

ஒருநாள் எங்கள் தபால்பெட்டிக்குள் மாறி வந்த அவர்களுடைய கடிதமொன்றைக் கொடுக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். சாப்பாட்டு மேசையில் பத்திரிகைத் தாள்கள் விரித்திருந்தன. நடுவில் அவருடைய சொந்தப் பிஸ்டல், துண்டு துண்டாகக் கழற்றியபடி. எண்ணெய்ப் போத்தல், சின்னத் தூரிகை, பழைய சாரத்தில் கிழித்த துணிகள். "வாங்கோ அக்கா. பயப்பிடாதேங்கோ. உள்ளுக்கு ஒண்டும் இல்லை" என்று குழாயைத் தூக்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, உள்ளே வெறுமையாக இருப்பதைக் காட்டினார். அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு தாளில் எண்ணெய் ஊறியதும் அதை இழுத்துவிட்டுப் புதிய தாளை விரித்து, இரண்டு உள்ளங்கைகளாலும் நீவிவிட்டாள். அவளுக்கு அங்கே வேறு வேலை இல்லை. கதிரையில் இருக்கவும் அனுமதி இல்லை. நான் சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட அந்தத் தாழ்ந்த குரலும் அந்த மேசையும் ஒன்றாகத்தான் நடந்தன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் ஒரு துண்டைத் துடைப்பார், ஒரு வாக்கியம் சொல்வார். அடுத்த துண்டு, அடுத்த வாக்கியம். பிஸ்டல் அவள் பக்கம் ஒருபோதும் திரும்பாது. தன் ஆயுதத்தைத் தன் வீட்டில் துப்புரவாக்குவது எந்த நாட்டுச் சட்டத்திலும் குற்றமில்லை.

"கை வைப்பாரோ?" என்று சலவை அறையில் கேட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"ஒருநாளும் இல்லை அக்கா." அவசரமாகச் சொன்னாள். பிறகு ஈரத் துணியை உதறிக்கொண்டு, "அவரே சொல்லுவார். உனக்காக இல்லை, பெர்மிற்றுக்காகத்தான் பொறுக்கிறன் எண்டு."

இந்த வாக்கியத்தை நான் பலமுறை திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். என் கணவர் சீட்டு விளையாடும்போது சொன்ன கணக்கை இது உடைத்துவிடுகிறது. அவளுடைய கணவர் சொன்னதுதான் உண்மை. அனுமதி அவரைத் தடுத்தது. அது இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் அடிக்காத ஒவ்வொரு இரவும் அந்த அனுமதிக்குக் கிடைத்த நற்சான்றிதழ். அந்த இரவுகளில் அவள் எப்படி இருந்தாள் என்பதை எழுத எந்தப் பொலிஸ் நிலையத்திலும் இடமில்லை.

அனுமதியைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. புதிய துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி நாடு முழுவதும் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். விசாரணைகள் இறுக்கமாகியிருந்தன. மனைவியிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்று அனுமதி விசாரிக்கிற பொலிஸ் அதிகாரி நாள் குறித்துவிட்டார். அவளுடைய கணவர் வேலைக்குப் போயிருந்த ஒரு முற்பகல். "அக்கா, வந்து பக்கத்தில இருங்கோ. ஒண்டும் கதைக்கத் தேவையில்லை, இருந்தால் காணும்" என்று அவள் கூப்பிட்டாள். "இண்டைக்குச் சொல்லிப்போடுவன் அக்கா. ராத்திரி முழுக்க யோசிச்சனான். சொல்லிப்போடுவன்."

அதிகாரி நரைத்த தலை, பெரிய உடம்பு. வாசலில் தானாகவே பூட்ஸைக் கழற்றி வைத்தார். அவரோடு மொழிபெயர்க்க ஒரு பெண்மணி வந்திருந்தார். சென்னைக்காரர், கண்ணாடி போட்டவர், இதமான முகம். உறவினரோ அயலவரோ மொழிபெயர்க்கக்கூடாது, அது விதி. என்னைக் குசினி வாசலில் ஒரு கதிரை போட்டு இருக்கச் சொன்னார்கள்.

பெயர், வயது, எத்தனை வருடம் கல்யாணமாகி, பிள்ளைகள் உண்டா. பிள்ளைகள் இல்லை. பிறகு அந்தக் கேள்வி.

"உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட எப்படி நடந்துக்கறார்னு கேக்கறாங்க. எதுவா இருந்தாலும் பயப்படாம சொல்லுங்கம்மா."

அவள் கார்ப்பெற்றைப் பார்த்தாள்.

"அவர் சரியாப் பேசுவார்."

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னாள்.

"ஒவ்வொரு நாளும் பேசுவார். சரியாப் பேசுவார்."

அந்தப் பெண்மணியின் முகம் மலர்ந்தது. அதிகாரியிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: அவர் மனைவியோடு முறையாகப் பேசுகிறவர், தினமும் மனம்விட்டுப் பேசுகிறவர். அதிகாரியும் சிரித்தார். "என் மனைவி என்னைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டாள்" என்றார்.

எங்கள் தமிழில் இரண்டுபேர் உரையாடினால் அது கதைக்கிறது. பேசுகிறது என்றால் ஏசுகிறது. சரியான மழை என்றால் அடைமழை. சரியாப் பேசுவார் என்றால் தாங்கமுடியாமல் ஏசுவார் என்று அர்த்தம். இரவு முழுக்க யோசித்துச் சேர்த்த துணிவை எல்லாம் அவள் அந்த ஒரு வாக்கியத்தில் கொட்டிவிட்டாள். அது அறைக்குள் நற்சான்றாக மாறி அதிகாரியின் தாளில் ஏறியது.

நான் எழுந்துவிட்டேன். "சேர், அது பிழை. அவள் சொன்னது அதில்லை. எங்கள் பேச்சில் அது ஏசுகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி உள்ளங்கையைக் காட்டினார். கடுமையாக இல்லை. மொழிபெயர்ப்பாளர் மூலம் மட்டும்தான், மன்னிக்க வேண்டும் என்றார். அந்தப் பெண்மணியின் முகம் சுருங்கியது. "நான் இந்த வேலைய ரொம்ப வருஷமா பண்றேன் மேடம். பேசறதுன்னா பேசறதுதானே?" என்றார் என்னிடம். ஆனால் அதிகாரி நேர்மையான மனிதர். மறுபடியும் தெளிவாகக் கேட்கும்படி சொன்னார்.

"உங்களைத் திட்டுவாராம்மா? மிரட்டுவாரா? துப்பாக்கிய வச்சு எப்பவாவது பயமுறுத்தியிருக்காரா?"

இதில் விளங்காத சொல் ஒன்றும் இல்லை. படம் பார்த்த எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். அவள் தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்க்கவில்லை. வாசலில் கொழுவியிருந்த கணவருடைய சீருடைக் கோட்டைப் பார்த்தாள். மாற்றுக்கு வைத்திருந்த இரண்டாவது கோட்டு. இஸ்திரி போட்டவள் அவள்தான்.

"இல்லை" என்றாள். "ஒண்டும் இல்லை."

அந்தச் சொல்லுக்கு எல்லா ஊர்த் தமிழிலும் ஒரே அர்த்தம்தான். அந்தப் பெண்மணி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார்.

அவர்கள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு அப்படியே கதவோடு சாய்ந்து நின்றாள்.

"ஏன் பிள்ளை?"

"முதல்தரம் சொன்னது யோசிக்காமல் வந்திட்டுது அக்கா. ரெண்டாம்தரம் கேக்கேக்கை யோசிச்சிட்டன்." குரல் தெளிவாக இருந்தது. அழவில்லை. "பெர்மிற் போனால் வேலை போகும். வேலை போனால் முழுநாளும் வீட்டில. இப்ப அவர் என்னில கை வைக்காததுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கு. அதையும் நானே புடுங்கி எறிஞ்சால், பிறகு அவருக்கு இழக்கிறதுக்கு என்ன கிடக்கு? சொல்லுங்கோ பாப்பம்."

பெண்கள் போய்த் தங்கக்கூடிய இடம் இருக்கிறது, நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "அங்க எத்தினை நாளைக்கு? அவரிட்ட இருந்து எவ்வளவு தூரம் போனால் தூரம்?" என்றாள். பிறகு அரிசி கழுவப் போய்விட்டாள்.

என் கணவரை அனுப்பிக் கதைக்க வைத்தேன். சீட்டு முடிந்து மற்றவர்கள் போனபிறகு இவர் தயங்கித் தயங்கித்தான் எடுத்தார். "தம்பி, வீட்டில கொஞ்சம் குறைச்சுக் கதைச்சால் என்ன?" அவர் கோபப்படவில்லை. சீட்டுக்கட்டை நேராகத் தட்டி மேசையில் வைத்தார். "அண்ணை, நான் கை நீட்டினதை ஆரும் கண்டவையே?" என்றார். "பேசாத மனுசன் ஆர் அண்ணை? நீங்கள் அக்காவைப் பேசுறேல்லையே?" என் கணவரும் பேசுகிறவர்தான். எல்லோரும் பேசுகிறவர்கள்தான். அளவு வேறு என்று சொல்ல அவருக்கு ஒரு அளவுகோல் கிடைக்கவில்லை. கணக்கு வாத்தியார் அன்றைக்கு வெறும் கையோடு நின்றார்.

அனுமதி புதுப்பிக்கப்பட்டது. எங்களுக்கு ஒரு பெட்டி கேக் கொண்டுவந்து தந்தார். கொஞ்ச நாளில் ஒஷாவாவில் வீடு வாங்கினார். தனிவீடு. சாமான் ஏற்றுகிற அன்று அவள் கீழே வானுக்குள் ஏறி இருந்தாள். அவர் மட்டும் மேலே வந்து விடைபெற்றார்.

"அங்க நாலு பக்கமும் புல்லுத்தான் அக்கா. பக்கத்து வீட்டுச் சுவர் எண்ட கதையே இல்லை. இனி எங்களால உங்களுக்கு ஒரு கரைச்சலும் இராது."

சிரித்தபடிதான் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த குடித்தனம் வந்தது. சுவருக்கு அப்பால் குழந்தை அழுதது, தொலைக்காட்சி கேட்டது. எனக்கு மட்டும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு காது அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஒஷாவாவுக்கு ரெலிபோன் எடுப்பேன். பெரும்பாலும் அவர்தான் எடுப்பார். நலம் விசாரிப்பார். அவள் குளிக்கிறாள், அவள் படுத்துவிட்டாள், அவள் கீழே நிலவறையில் நிற்கிறாள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் தமிழ் வானொலியில் நேயர்கள் அழைத்துக் கருத்துச் சொல்கிற நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பு துப்பாக்கிச் சட்டம். அமெரிக்காவில்போல இங்கேயும் தற்காப்புக்குத் துப்பாக்கி கொண்டுதிரிய விடலாமா, விட்டால் குற்றம் கூடுமா குறையுமா. "ஒஷாவாவில இருந்து ஒரு நேயர் இணைப்பில இருக்கிறார். வணக்கம் அங்கிள்!"

அந்த அளவான குரல். நானும் இவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.

"வணக்கம் தம்பி. நான் சொல்லுறது இதுதான். பெர்மிற் உள்ளவன் குற்றம் செய்யான். எங்கையும் எடுத்துப் பாருங்கோ. நான் இத்தினை வருசமாத் துவக்கோட வேலை செய்யிறன். என்னிட்ட ஒரு கேஸ் இல்லை. ஒரு ஸ்பீடிங் ரிக்கற்கூட இல்லை."

"அட, அப்பிடியே அங்கிள்? வெளியில சரி, வீட்டில எப்பிடி? அன்ரி பக்கத்தில நிக்கிறாவோ? அவவிட்டையும் கேப்பம்!"

"தாராளமாக் கேளுங்கோ. இந்தா."

ரெலிபோன் கை மாறுகிற சத்தம்.

"வணக்கம் அன்ரி! அங்கிள் பெரிய நல்ல பிள்ளையாம், வீட்டில எப்பிடி ஆள்? மறைக்காமல் சொல்லுங்கோ, ரொறன்ரோச் சனம் முழுக்கக் கேட்டுக்கொண்டு இருக்குது."

நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். சொல்லு பிள்ளை என்று வாய்விட்டே சொன்னேன். இந்தமுறை மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் எங்கள் சனம்.

"அவர் சரியாப் பேசுவார்" என்றாள்.

சென்னைக்காரப் பெண்மணியிடம் சொன்ன அதே வாக்கியம். ஆனால் இந்தமுறை குரல் உடைந்திருந்தது. பிறகு நிகழ்ச்சி நடத்துகிற பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கேட்டியளே நேயர்களே! அங்கிள், துவக்குக்குப் பெர்மிற் எடுத்தனீங்கள், வாய்க்கு எடுக்க மறந்திட்டியள்! அன்ரி, கவலைப்படாதேங்கோ, பேசாத புருசன் ரொறன்ரோவில ஒருத்தரிட்டையும் இல்லை!"

அவனுக்குப் பின்னால் நிலையத்தில் வேறு யாரோவும் சிரித்தார்கள். எல்லோருக்கும் விளங்கியிருந்தது. அவள் இன்னும் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்க வேண்டும். சிரிப்புக்கு நடுவில், தூரத்திலிருந்து, அந்தத் தாழ்ந்த குரல் ஒரே ஒரு சொல் சொன்னது.

"வை."

இணைப்புப் போனது. நகைக்கடை விளம்பரம் வந்தது. அதன்பின் பாட்டு.

இவர் எழுந்துபோய் வானொலியை நிற்பாட்டினார். நான் ஒஷாவாவுக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர்தான் எடுத்தார்.

"ஆ, அக்காவே? கேட்டனீங்களோ?" சந்தோசமான குரல். "எப்பிடி, நான் கதைச்சது?"

"அவளிட்டைக் குடும் தம்பி."

"அவ வேலையா நிக்கிறா அக்கா."

"ஒரு நிமிசம் குடும்."

"கை வேலையா இருக்குது" என்றார், மிகவும் பணிவாக. "பிறகு எடுக்கச் சொல்லுறன்."

அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவருக்குப் பின்னால், சாப்பாட்டு மேசை இருக்கிற பக்கத்தில், பத்திரிகைத் தாள் ஒன்றை விரித்து இரண்டு உள்ளங்கைகளாலும் நீவிவிடுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு தாள்.